கண்டி மண்ணில் துயிலும் இளம் அதிகாரிகள்



கண்டி மாநகருக்கு நாள்தோறும் வந்து செல்வோர் தொகை பெரிது. தலதா மாளிகையை வழிபடுவர், வாவிக்கரையில் உலாவுவர், பேராதனைப் பூங்காவைக் கண்டு களித்துத் தத்தம் ஊர் திரும்புவர். இவர்களுள் மிகச் சிலரே காணும் இரண்டு இடங்கள் இந்நகரில் உள. ஒன்று, மாளிகைக்கு அருகே நூதனசாலைக்குப் பின்புறம் மேட்டில் அமைந்த பழைய பிரித்தானியப் படையினர் மயானம். மற்றொன்று, நகரத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், பேராதனை வீதியையடுத்த தெவெனி இராஜசிங்க மாவத்தையில் உள்ள யுத்த மயானம். முன்னது பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது. பின்னது இரண்டாம் உலக மகாயுத்தம் விட்டுச் சென்றது. யுத்தகாலச் சேவையில் இருந்தபடியே உயிர்நீத்த இளம் அதிகாரிகள் இரண்டு இடங்களிலும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். ஆயினும் அவர்கள் நினைவுகூரப்படும் முறையில் இவ்விரு இடங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு எங்ஙனம் தோன்றிற்று என்பதையே இன்று விளக்க விழைகின்றேன்.

முதலில் பழைய மயானத்துக்குச் செல்வோம். அங்கே ஆண், பெண், குழந்தைகளாக 195 பேரின் கல்லறைகள் உள்ளன. நெடுங்காலம் புதர்மண்டிக் கிடந்த அவ்விடம், அன்றைய வேல்ஸ் இளவரசர் சார்ள்ஸ் இலங்கைக்கு வந்த 1998ஆம் ஆண்டை ஒட்டிச் சீர்செய்யப்பட்டது. அங்குள்ளோருள் ஒருவர் கப்டன் ஜேம்ஸ் மக்கிளாஷன். நெப்போலியனுக்கு எதிராக ஐபீரியத் தீபகற்பத்தில் நிகழ்ந்த கடும் போர்களில் நின்றவர். புசாக்கோ, அல்புவேரா, வித்தோரியா ஆகிய களங்களைக் கண்டவர். 1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் திகதி வாட்டர்லூ களத்திலும் நின்று உயிர்தப்பியவர். அத்தகைய வீரர் திருகோணமலையிலிருந்து கண்டிக்குக் கால்நடையாக வந்தார். நூறு மைலுக்கு மேற்பட்ட வழி, வழிநெடுகக் காடு, மழையில் நனைந்த உடையோடு நடந்தார் என்பர். காய்ச்சல் கண்டது. 1817இல் இறந்தார். பிரெஞ்சுப் பீரங்கிகளால் ஆகாததை இலங்கைக் காட்டின் நுளம்பு செய்துவிட்டது.

நுளம்பு என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அக்காலத்தார் அதனை அறியார். சதுப்பு நிலத்திலிருந்து எழும் தீய காற்றே இந்நோய்க்குக் காரணம் என்று நம்பினர். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் தீய காற்று என்பதுதான் பொருள். செக்கந்தராபாத்தில் இராணுவ வைத்தியராக இருந்த ரொனால்ட் ரொஸ், நுளம்பின் வயிற்றில் இந்நோயின் கிருமியைக் கண்டது 1897இல். அதாவது, மக்கிளாஷன் மறைந்து எண்பது ஆண்டுகளின் பின். இந்த எண்பது ஆண்டுகளிலும் இலங்கையில் பணிபுரிய வந்த எத்தனை இளைஞர் தமக்கு நேர்வது யாதென்று அறியாமலே மாண்டிருப்பர்! மக்கிளாஷன் இறந்த ஆண்டிலேயே தொடங்கிய ஊவாக் கிளர்ச்சியிலும் பிரித்தானியப் படைக்கு ஆயுதத்தால் நேர்ந்த சாவினும் காய்ச்சலால் நேர்ந்த சாவே மிக அதிகம். மறுபுறத்தே அக்கிளர்ச்சியில் அழிந்த கண்டி நாட்டு மக்கள் பதினாயிரம் பேர் இருக்கலாம் என்று அக்காலத்தில் இங்கு வாழ்ந்த வைத்தியர் ஜோன் டேவி மதிப்பிட்டார். அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை.

பழைய மயானத்தைச் சுற்றி வருபவர் மற்றொன்றையும் காண்பர். அங்கே கற்கள் ஒரே அளவானவையல்ல. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிய கண்டி உடன்படிக்கையில் முக்கிய பங்கு கொண்டவரும், 1824இல் காய்ச்சலால் இறந்தவருமான சேர் ஜோன் டொய்லிக்கு அவர் பதவிக்கேற்ற பெருஞ்சின்னம். வசதி படைத்தோருக்கு வேலைப்பாடு மிக்க கல். இல்லாதோருக்குச் சிறு கல். சாதாரணச் சிப்பாய்களுள் எத்தனையோ பேர் கல்லின்றியே மண்ணோடு கலந்தனர். வாழ்நாளில் இருந்த ஏற்றத்தாழ்வு சாவுக்குப் பின்னும் அப்படியே நீடித்தது. அக்கால உலகம் அதனை இயல்பாகவே கொண்டது.

கல்லறையே பெறாத அதிகாரிகளும் இந்நகரின் வரலாற்றில் உண்டு. 1803ஆம் ஆண்டு கண்டியைப் பிடித்துக்கொண்ட பிரித்தானியப் படை, மேஜர் டேவியின் தலைமையில், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சரணடைந்தது. திருகோணமலை நோக்கிப் புறப்பட்டோர் வட்டபுலுவ என்னுமிடத்தை அடைந்தபோது மகாவலி கங்கை பெருக்கெடுத்தோடிற்று, கடக்க வழியில்லை. அங்கேயே பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். அப்படையில் மலாய் வீரர்களும் இருந்தனர். அவர்களின் அதிகாரி கப்டன் நூருத்தீன். இந்தோனீசியத் தீவுகளில் ஒன்றான சுலவேசியிலிருந்து ஒல்லாந்தரால் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட கோவா மன்னரின் குலத்தவர் அவர். அவரும் உடன்பிறந்தார் ஒருவரும் கண்டியரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் முன்னிலையில் நிறுத்தப்பட்டனர். தன் சேவையில் சேர்ந்தால் மலாய்ப் படைக்குத் தலைமை தருவதாக அரசன் கூறினான். ஏற்கெனவே ஒரு மன்னனுக்குச் சத்தியம் செய்து கொடுத்தாயிற்று, அதை மீறுவதற்கில்லை என்று அவர்கள் மறுத்தனர். அதன் விளைவு மரண தண்டனை. உடல்களை அடக்கம் செய்யவும் அனுமதி இல்லை. இதிலே மற்றொரு துயரமும் உண்டு. அவர்களின் இன்னொரு சகோதரர் கண்டியரசன் பக்கத்திலேயே மலாய்ப் படையை நடத்தி, அதே ஆண்டுப் போரில் மாண்டவர். ஒரு வீட்டுப் பிள்ளைகள் இருவேறு கொடிகளின் கீழ் நின்று, இரண்டு பக்கத்திலும் இறந்தனர். பிறருக்குக் கல்லறை மறுத்த அரசனும் தன் நாட்டு மண்ணில் துயிலவில்லை. 1815இல் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே காலமானான். பாலாற்றங்கரையில் உள்ள அவன் சமாதியின்மேல் 1990இல் முத்து மண்டபம் எழுந்தது.

போரில் இறந்தவருக்குக் கல் எடுப்பது மேனாட்டாரிடமிருந்து நாம் கற்ற வழக்கன்று. தொல்காப்பியப் புறத்திணையியல், நடுகல் எடுக்கும் முறையை ஒன்றன்பின் ஒன்றாக வகுத்துரைக்கின்றது. கல்லைத் தேடிக் காண்பது முதல், நீரில் இட்டுத் தூய்மை செய்து, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை எல்லாம் அங்கே உண்டு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் பட்ட ஒருவனின் பெயரையும் ஊரையும் தாங்கி நிற்கின்றது. செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல உள. அங்குள்ள எடுத்தனூர்க் கல்லொன்றில் வீரனோடு அவனுடைய நாயின் உருவமும் பொறிக்கப்பட்டு, கோவிவன் என்ற அந்த நாயின் பெயரும் எழுதப்பட்டுள்ளது. தலைவனைக் காத்து நின்ற நாய்க்கும் பெயரெழுதிய பண்பாடு நம்முடையது என்பதை வகுப்பில் எடுத்துரைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் தோன்றுவதுண்டு. எனினும் ஒன்றை மறத்தலாகாது. நடுகல், பூசலிலே பட்டவனுக்கு உரியது. போருக்குச் சென்ற வழியில் காய்ச்சல் கண்டு இறந்தவனை அது கணக்கில் எடுக்கவில்லை.

இனி, இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1914இல் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டது. வயது கடந்தமையால் படையிற் சேர இயலாத ஃபேபியன் வேர் என்பவர், செஞ்சிலுவைச் சங்க வாகனப் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கிப் பிரான்சுக்குச் சென்றார். இறந்தோரை அவசரமாகப் புதைத்துவிட்டுப் படைகள் நகர்ந்துவிடுவதையும், புதைத்த இடத்தை எவரும் குறித்து வையாததையும் கண்டு, தம் பிரிவினரைக் கொண்டு அவ்விடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார். ஒரு மனிதரின் மனக்குறையில் தொடங்கிய இப்பணியே 1917ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி அரச சாசனத்தின்படி ஓர் ஆணைக்குழுவாயிற்று. இன்று பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு என வழங்கும் நிறுவனம் அதுவே.

இதற்கிடையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இங்கு குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக நான்கு முறை இருந்த கிளாட்ஸ்டனின் பேரன், லெப்டினன்ட் வில்லியம் கிளாட்ஸ்டன், பாராளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே படையிற் சேர்ந்தவர். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரான்சில் சுடப்பட்டு இறந்தார். வயது இருபத்தொன்பது. குடும்பத்தின் செல்வாக்கினால், மன்னரின் அனுமதி பெற்று, அவரது உடல் தாயகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதே வாரத்தில் அதே களத்தில் மாண்ட ஏழை வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் என்ன நினைத்திருப்பர்? அவ்வாண்டிலேயே, இனி எவருடைய உடலும் தாயகத்துக்குக் கொண்டுவரப்படலாகாது என்ற விதி பிறந்தது. செல்வர்க்கு ஒரு நீதி, வறியவர்க்கு ஒரு நீதி என்ற பேச்சுக்கு இடமிருத்தல் கூடாது என்பதே அதன் கருத்து.

யுத்தம் முடிந்த 1918இல், பிரித்தானிய நூதனசாலையின் தலைவராயிருந்த சேர் பிரெடெரிக் கென்யன் ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். ஜெனரலுக்கும் சமையற்காரனுக்கும் ஒரே அளவு கல். பதவி, இனம், சமயம் என்ற வேற்றுமை கல்லின் அளவில் கூடாது. கல்லில் படைப்பிரிவின் சின்னம், இலக்கம், பதவி, பெயர், இறந்த திகதி, வயது ஆகியன. இறந்தவரின் சமயத்துக்கேற்ற அடையாளம். அடியிலே குடும்பத்தார் விரும்பிய வாசகம், அறுபத்தாறு எழுத்துக்கு மேற்படாமல். இன்று கேட்கும்போது எவருக்கும் நியாயமாகவே தோன்றும் இவ்விதிகள் அன்று பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. எக்சிற்றர் மேற்றிராணியாரின் மனைவியும், யுத்தத்தில் மூன்று புதல்வரைப் பறிகொடுத்தவருமான புளோரன்ஸ் செசில் சீமாட்டி, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனுவொன்றை 1919இல் வேல்ஸ் இளவரசரிடம் அளித்தார். தம் பிள்ளைகளின் தலைமாட்டில் சிலுவை நாட்ட அனுமதிக்க வேண்டும் என்பதே அத்தாய்மாரின் வேண்டுகோள். 1920ஆம் ஆண்டு மே மாதம் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. முடிவில் ஆணைக்குழுவின் விதியே நிலைத்தது. என்னைக் கேட்டால், விதி சரியானதே என்பேன். ஆனால், உடலும் கிடையாது, விரும்பிய அடையாளமும் கிடையாது என்று அரசு சொல்லக் கேட்ட தாயின் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை.

அந்த ஆணைக்குழுவுக்கு இலக்கிய ஆலோசகராக இருந்தவர் ருட்யார்ட் கிப்ளிங். பெயரறியப்படாத வீரரின் கல்லில் எழுத வேண்டிய வாசகத்தைத் தேர்ந்தவர் அவரே. கண்பார்வைக் குறையால் தள்ளப்பட்ட தம் மகன் ஜோனுக்குச் செல்வாக்கைப் பயன்படுத்திப் படையில் அதிகாரிப் பதவி பெற்றுக் கொடுத்தவரும் அவரே. 1915ஆம் ஆண்டு செப்டெம்பரில் லூஸ் என்னும் களத்தில், பதினெட்டு வயதில், அப்பிள்ளை காணாமற் போனான். தந்தை பல்லாண்டு தேடினார். 1936இல் தாம் இறக்கும்வரை மகனின் உடல் கிடந்த இடத்தை அறியவில்லை. பெயரற்ற ஒரு கல்லே அவனுடையது என்று ஆணைக்குழு 1992இல் முடிவுசெய்தது. அதையும் மறுப்போர் உளர். ஊராருக்கு வாசகம் வகுத்துக் கொடுத்தவரின் மகனுக்குப் பெயரற்ற கல்லே வாய்த்தது.

இனிக் கண்டி யுத்த மயானத்தை நோக்குவோம். இரண்டாம் உலக மகாயுத்தத்தில், 1942ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. இலங்கை திடீரென யுத்தத்தின் வாயிலில் நின்றது. 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைப் பூங்காவில் கொட்டில்கள் எழுந்தன. பிரதம தளகர்த்தர் மவுண்ட்பேட்டன் பிரபு கண்டி இராசமாளிகையில் வதிந்தார். பர்மா யுத்தத்தின் ஆணைகள் பனையும் மூங்கிலும் சூழ்ந்த அந்தப் பூங்காவிலிருந்தே பிறந்தன. 1945ஆம் ஆண்டு நவம்பரில் தலைமையகம் சிங்கப்பூருக்குச் சென்றபின் கொட்டில்கள் மறைந்தன. யுத்த மயானம் எஞ்சி நின்றது.

அங்கே 203 கல்லறைகள் உள்ளன. பிரித்தானியர் 107 பேர்; கிழக்காப்பிரிக்கர் 35 பேர்; இலங்கையர் 26 பேர்; இந்தியர் 23 பேர்; கனடியர் அறுவர்; இத்தாலியர் மூவர்; பிரெஞ்சுக்காரர் ஒருவர்; இன்னாரென அறியப்படாதோர் இருவர். இத்தாலி, அந்த யுத்தத்தின் முற்பகுதியில் பகை நாடு என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். பகைவனாக வந்தவனுக்கும் அதே புல்வெளியில் இடம் கிடைத்திருக்கின்றது.

கிழக்காப்பிரிக்கர் கண்டிக்கு எப்படி வந்தனர் என்று கேட்கலாம். பர்மாக் காடுகளில் போரிடுவதற்காகக் கென்யா, உகண்டா, தங்கனீக்கா, நியாசலாந்து முதலிய நாடுகளில் திரட்டப்பட்ட பதினோராவது கிழக்காப்பிரிக்கப் படைப்பிரிவு 1943 முதல் இலங்கையிலேயே பயிற்சி பெற்றது. அவர்களின் பயணமே ஆபத்தானது. 1944ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி, மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பலை மாலைதீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிற்று. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 1,297 பேர் மாண்டனர். அவர்களுள் கிழக்காப்பிரிக்கப் பீரங்கிப் படையினரும் தாதியரும் பலர்.

இங்கு ஒரு கேள்வி எழுதல் இயல்பு. கண்டியில் யுத்தமே நடக்கவில்லையே, குண்டும் விழவில்லையே, பின் 203 பேர் எங்ஙனம் இறந்தனர்? யுத்தமென்றால் களத்தில் துப்பாக்கிக்கு இரையாதல் மட்டுமே என்று நாம் எண்ணுவதால் எழும் கேள்வி இது. நோயும், விபத்தும், எங்கோ பட்ட காயமும் இளைஞரைக் கொண்டுபோயின. பர்மாவில் பதினான்காம் சேனையை நடத்திய ஜெனரல் ஸ்லிம் எழுதியுள்ள கணக்கு நம்மைத் திகைக்க வைப்பது: 1943இல் காயம்பட்டு அகற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் அகற்றப்பட்டோர் 120 பேர். மலேரியாவுக்குரிய மெப்பக்ரின் குளிகையை வீரர்கள் விழுங்குகின்றனரா என்று திடீர்ச் சோதனை நடத்தி, தவறிய பிரிவுகளின் தளகர்த்தரையே அவர் பதவி நீக்கினார். அதன் பின்னரே நோய் தணிந்தது. இலங்கையரான நமக்கு இது புதிதன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியாவில் இந்நாட்டில் எண்பதாயிரம் பேரளவில் மடிந்தனர். இந்நோய் அற்ற நாடு என்று உலக சுகாதார தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தது 2016இல்தான்.

ஆணைக்குழுவின் விதி இங்கேதான் சிறப்பெய்துகின்றது. 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதிக்கும் 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதிக்கும் இடையில் சேவையில் இருந்து இறந்தவர் எவராயினும், எக்காரணத்தால் இறந்தவராயினும், அவருக்கு அதே கல். பகைவனைச் சுட்டு வீழ்த்தி மாண்டவருக்கும், காய்ச்சலில் பிதற்றி மாண்டவருக்கும், மலைவீதியில் லொறி கவிழ்ந்து மாண்டவருக்கும் வேறுபாடில்லை. வாட்டர்லூவில் நின்ற மக்கிளாஷனை நினைக்கும்போது, இவ்விதியின் நேர்மை எனக்கு நன்கு புலனாகின்றது. வீட்டைவிட்டுப் புறப்பட்டவேளை, எவ்வகைச் சாவு தனக்கென்று எந்த இளைஞனும் தெரிந்தெடுத்ததில்லை.

மாணவரை அம்மயானத்துக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர் எவரும் ஒன்றைக் கவனித்திருப்பர். பிள்ளைகள் முதலில் தேடுவது பெயரையன்று, வயதையே. இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து என்று படித்துக்கொண்டே வருவர். தம் வீட்டு அண்ணனின் வயது வந்ததும் அங்கே நின்றுவிடுவர். லெப்டினன்ட், கப்டன் என்ற பதவிச் சொற்கள் அவர்களுக்குப் பெரிய மனிதரைக் குறிப்பவை. வயதைக் கண்டபின்தான், அந்த லெப்டினன்ட் பல்கலைக்கழகத்தை முடித்த ஓர் இளைஞனே என்பது விளங்கும். முப்பது பேரின் உயிர் தன் பேச்சைப் பொறுத்திருக்க, தானும் அஞ்சிக்கொண்டு அச்சத்தை வெளியிற் காட்டாதிருந்த இளைஞன் அவன். ஒருமுறை மாணவி ஒருத்தி, "சேர், இவங்கட அம்மா அப்பா இங்க வந்து பார்த்திருப்பாங்களா?" என்று கேட்டாள். பெரும்பாலோர் வந்திருக்க இயலாது. கப்பற் பயணத்துக்கு வசதியற்ற பெற்றோருக்கு ஆணைக்குழு அனுப்பிய ஒரு புகைப்படமே பிள்ளையின் கல்லறையாயிற்று.

ஆயினும் எல்லோர்க்கும் ஒரே கல் என்ற வாக்குறுதி எங்கும் காப்பாற்றப்பட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆணைக்குழு தானே நியமித்த விசேட குழுவின் அறிக்கை வெளிவந்தது. முதலாம் உலக மகாயுத்தத்தில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000க்கும் 54,000க்கும் இடைப்பட்டோர் பிறரோடு ஒப்ப நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 116,000 பேர் பெயர் குறிக்கப்படாமலோ முற்றாகவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்றும் அது கூறிற்று. இவர்களுள் கிழக்காப்பிரிக்கச் சுமைகாவிகள் மிகப் பலர். கல்லில் பெயரைக் கண்டு மதிக்கும் நாகரிகம் இம்மக்களுக்கு இல்லை என்று அன்றைய அதிகாரிகள் தீர்மானித்தனராம். ஆணைக்குழு மன்னிப்புக் கோரியது. பெயர்களைத் தேடிச் சேர்க்கும் பணி அதன் பின்னர் தொடங்கியது. கண்டியிலுள்ள கிழக்காப்பிரிக்கரின் கல்லறைகளை நாம் பார்க்கும்போது, அவர்களுடைய தந்தையர் தலைமுறைக்கு இதுவும் கிடைக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழராகிய நமக்கு இதனினும் நெருங்கிய துயரம் ஒன்று உண்டு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைத்து ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீற்றர் இருப்புப்பாதையில், நேசநாட்டு யுத்தக் கைதிகள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் காஞ்சனபுரி யுத்த மயானத்தில், வரிசை வரிசையான கற்களின் கீழ் இருக்கின்றனர். அதே பாதையில் ஆசியத் தொழிலாளர் தொண்ணூறாயிரம் பேரளவில் இறந்தனர் என்பது மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். அவர்கள் படையினர் அல்லர். ஆகையால் ஆணைக்குழுவின் ஏட்டில் இடமில்லை. வாந்திபேதியால் இறந்தவரைக் குழியிலிட்டு மூடினர். பெயரெழுதி வைத்தோர் எவருமில்லை. கண்டி மலைத் தோட்டத்திலும் மலாயாத் தோட்டத்திலும் உறவினரைக் கொண்டிருந்த குடும்பங்கள் நம்மிடையே இருந்தன. மலாயாவுக்குப் போன மாமன் என்னவானார் என்பதை அறியாமலே அவற்றுட் சில அக்கதையை முடித்துக்கொண்டன.

நம் நாட்டிலும் 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தம், கண்டியைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கும் வடக்கே வன்னிக்கும் ஒருங்கே துயரைக் கொண்டுவந்தது. பிள்ளையின் பெயரை எழுதக் கல்லில்லாத வீடுகள் தெற்கிலும் உண்டு, வடக்கிலும் உண்டு. காணாமற் போனவரின் புகைப்படத்தைச் சுவரில் மாட்டி, மாலையிடவும் மனமின்றி, மாலையிடாதிருக்கவும் மனமின்றி வாழும் தாயார் இரு மொழியிலும் இருக்கின்றனர். அவர்களுள் எவரிடமும், உம் மகன் எந்தப் பக்கம் நின்றான் என்று கேட்டுவிட்டுப் பின் ஆறுதல் சொல்வது மனித இயல்புக்கு ஒவ்வாது.

யுத்த மயானத்தைக் காண விரும்பும் நேயர்கள், பேராதனை நோக்கிச் செல்லும் பஸ்ஸில் ஏறி, தெவெனி இராஜசிங்க மாவத்தையின் திருப்பத்தில் இறங்கி விசாரித்தால் வழி காட்டுவர். காலை வேளையே உகந்தது. பிற்பகலில் மலைநாட்டு மழையை நம்புவதற்கில்லை. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆணைக்குழுவின் பதிவேடுகளில் உள்ள பெயர்கள் உலகம் முழுவதிலுமாகப் பதினேழு இலட்சம் அளவின. எந்தப் பெயரையும் இணையவழி தேடிப் பார்க்கும் வசதி இன்று உண்டு. இலங்கைப் படைப்பிரிவுகளில் சேவைசெய்து அக்காலத்தில் இறந்த உறவினர் உங்கள் குடும்பத்தில் இருந்திருப்பின், வீட்டுப் பெரியவர்களிடம் அவருடைய முழுப்பெயரையும், இயலுமாயின் படைப்பிரிவையும் முதலிற் கேட்டறிந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அக்காலத்து எழுதுவினைஞர் தமிழ்ப் பெயர்களைப் பலவாறு எழுதியிருப்பராகையால், ஒரு பெயரை மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுதல் நன்று.